பசித்த சிலந்தியும் எங்கள் விரதமும்



கோயில் மலரில் திருவிழாச் செய்திகளையும் நாயன்மார் வரலாறுகளையும் வாசித்துப் பழகிய உங்களுக்கு, இம்முறை ஒரு சிலந்தியைப் பற்றி எழுத வருகின்றோம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறு பற்றியது இது. வீட்டில் பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணியே எழுதுகின்றோம்.

எங்கள் இளைய மகனுக்கு 2023ஆம் ஆண்டு பத்து வயது. நாய் வேண்டாம், பூனை வேண்டாம், தனக்கு டரன்டுலாச் சிலந்திதான் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கெஞ்சினான். ஊரில் நாங்கள் சிறுவராயிருந்த போது ‘புலிமுகச் சிலந்தி’ என்று பெரியவர்கள் சொன்னாலே ஓடி ஒளிவோம். அந்த இனத்தை லண்டனில் காசு கொடுத்து வாங்குவதா? ஆனாலும் பிள்ளை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தான். இந்த நாட்டில் இவற்றை வளர்ப்போருக்கென்று 1984இலேயே ஒரு சங்கம் அமைக்கப்பட்டது என்றும் சொன்னான். கடைசியில் சம்மதித்தோம்.

வந்து சேர்ந்தது மெக்சிக்கோ நாட்டின் செம்முழங்கால் டரன்டுலாவின் குஞ்சு. கால்களை விரித்தாலும் ஐந்து பென்ஸ் நாணயத்துக்குள் அடங்கிவிடும். வயிறு ஒரு மிளகளவு. ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈர மண்ணில் துளையிட்டு வாழ்ந்தது. தமிழ்ப் பாடசாலையில் அந்த மாதம் கோச்செங்கட் சோழ நாயனார் கதை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திருவானைக்காவிலே இலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறப்பில் சோழ மன்னனாகி, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டிய கதை. பிள்ளை தன் சிலந்திக்குச் ‘செங்கணான்’ என்று பெயர் வைத்தான். அம்மம்மாவுக்கும் அதன்மேல் கொஞ்சம் மனம் இளகியது.

ஆனால் சாப்பாடு என்று வந்ததும் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. நாங்கள் மரக்கறிக் குடும்பம். சிலந்தியோ உயிருள்ள பூச்சி தின்னும். உலகில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலும் தாவர உணவையே நம்பி வாழ்வதாக அறியப்பட்டது மத்திய அமெரிக்காவில் உள்ள ஒரேயொரு சிறு சிலந்திதான். அதுவும் 2009இல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. மற்றவற்றுக்கு இரை இல்லாவிட்டால் சாவுதான். செங்கணானுக்குப் பால் பழம் வைத்துப் பழக்க முடியாது.

கடையில் ‘கிரிக்கெட்’ என்று டப்பாவில் விற்கும் சுவர்க்கோழிக் குஞ்சுகளும், பறக்க முடியாத சிறு பழ ஈக்களும் வீட்டுக்கு வந்தன. அம்மம்மா அந்த அலுமாரிப் பக்கமே போகமாட்டார். நாங்களும் பிள்ளை இரை போடும் நேரத்தில் வேறு அறைக்குப் போய்விடுவோம். ‘அது உன்ர வேலை’ என்று சொல்லிவிட்டோம். பொறுப்பைக் கற்றுக் கொடுப்பதாக நினைத்துக் கொண்டோம். உண்மையில் எங்களுக்குப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

2023 நவம்பர் நடுப்பகுதியில் பிள்ளை பாடசாலை முகாமுக்கு ஐந்து நாள் போனான். அதே வாரம் கந்தசஷ்டி விரதம். போகுமுன் ஒரு தாளில் எழுதி டப்பாவின் அருகில் ஒட்டி வைத்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு பழ ஈ, இல்லாவிட்டால் சுவர்க்கோழியின் ஒரு கால். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். துளையின் வாயை மண்ணால் மூடியிருந்தால் ஒன்றுமே போடக் கூடாது. மூன்றே வரிகள்.

செவ்வாய்க்கிழமை விரதத்தின் முதல் நாள். விரதத்தோடு பூச்சியின் காலை வெட்டுவதா? மனம் ஒப்பவில்லை. இரண்டு ஈ போட்டால் இரண்டு உயிர் அல்லவா? அப்போது ஒரு பாவக்கணக்குப் போட்டோம். ஒரேயொரு பெரிய சுவர்க்கோழியை உயிரோடு போட்டுவிட்டால், கொல்வது நாங்கள் அல்ல, சிலந்தி. எண்ணிக்கையும் ஒன்று. விரதம் முடியும் வரை மறுபடி திறக்கவும் தேவையில்லை. டப்பாவில் இருந்தவற்றுள் பெரியதைப் பிடித்து உள்ளே போட்டு, மூடி, கை கழுவி, முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனோம். துளையின் வாய் மூடியிருந்ததா என்று நாங்கள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, சூரன்போருக்கு முதல் நாள், பிள்ளை வந்து பையைக் கூட இறக்கி வைக்காமல் டப்பாவைத் திறந்தான். சுவர்க்கோழி உயிரோடு இருந்தது. செங்கணானின் பழைய தோல் ஒரு பக்கம் கிடந்தது. புதுத் தோலோடு இருந்த உடலில் பாதியைத்தான் காண முடிந்தது.

சிலந்தி தோல் கழற்றும் காலத்தில் இரை எடுக்காது. துளையை அடைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துப் பழைய தோலிலிருந்து வெளியே வரும். அப்போது அதன் உடல் மட்டுமல்ல, விஷப் பற்களும் மென்மையாக இருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. சுவர்க்கோழி எதையும் கடித்துத் தின்னும் பிராணி. பசியும் தாகமும் வந்தால் அருகில் மென்மையாகக் கிடப்பதைக் கடிக்கும். அது மூன்று நாள் அந்த டப்பாவுக்குள் உணவும் நீருமின்றி அடைபட்டிருந்தது. அதிலும் அது செங்கணானை விடப் பெரியது.

பிள்ளை அழுது முடிந்த பின் ஒரு கேள்வி கேட்டான். “அப்பா, கொல்லக் கூடாது எண்டுதானே அப்பிடிச் செய்தனீங்கள்? இப்ப இதைக் கொன்றது ஆர்?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. சூரன்போர் நாளன்று கோயிலில் நின்றபோதும் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

அதன்பின் இதைப் பலமுறை யோசித்தோம். கொல்லாமை என்ற பேரறத்தை நாங்கள் மீறிவிட்டோம் என்று சொல்வது எளிது. ஆனால் எங்கள் தவறு அதற்கும் முன்னதாகத் தொடங்கியது என்று இப்போது நினைக்கின்றோம். திருக்குறளில் கொல்லாமை 33ஆவது அதிகாரம். துறவறவியலின் முதல் அதிகாரமோ 25ஆவதான அருளுடைமை. அருள் முதலில் வருகிறது. கொல்லாமை எட்டு அதிகாரம் கழித்தே வருகிறது. அருள் என்பது எதிரே நிற்கும் சீவனைப் பார்ப்பது. நாங்கள் சிலந்தியையும் பார்க்கவில்லை, சுவர்க்கோழியையும் பார்க்கவில்லை. எங்கள் கையைத்தான் பார்த்தோம், அதில் கறை படுமோ என்று.

சிபிச் சக்கரவர்த்தியின் கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவை அரசன் காத்தான் என்பதோடு நாம் நிறுத்திவிடுகின்றோம். ஆனால் அந்தக் கதையில் பருந்தும் நியாயம் கேட்கிறது. இது என் இரை; இதைப் பறித்தால் என் பசிக்கு வழி என்ன என்கிறது. அரசன் பருந்தைப் பாவி என்று ஏசவில்லை. இலை தழை தின்னச் சொல்லி உபதேசிக்கவுமில்லை. அதன் பசி உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அதற்கான விலையைத் தன் தசையிலிருந்தே அறுத்துக் கொடுத்தான். நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. எங்கள் மனச்சுத்தத்துக்கான விலையைச் சிலந்தியின் உடலிலிருந்து கொடுத்தோம்.

அப்படியானால் இப்படியொரு பிராணியை வீட்டில் வைத்திருப்பதே தவறல்லவா என்று சில அடியார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காட்டிலே சிலந்தி பூச்சியைத் தின்றால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. உலகிலுள்ள சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 40 கோடி முதல் 80 கோடி தொன் வரை இரை உண்ணுகின்றன என்று 2017இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். பூச்சிகள் பெருகி உலகைத் தின்றுவிடாமல் காப்பதில் அவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. திருவானைக்காவின் சிலந்தியும் ஏதோ பூச்சியை உண்டுதான் உயிர் வாழ்ந்திருக்கும். அதன் பக்தியை இறைவன் ஏற்றபோது, அது என்ன உண்டது என்று நாம் யாரும் கேட்டதில்லை.

டப்பாவுக்குள் வைத்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு இரையும் நம் கையால் நடக்கிறது. ஆகவே, அந்தக் கையை நீட்ட மனமில்லாதவர் தொடக்கத்திலேயே வாங்காமல் விடுவதுதான் அறம். அப்படி வாங்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாங்கிய பின், பாதியில் கொல்லாமையை நினைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுவதும், கண்ணை மூடிக்கொண்டு எதையோ போட்டுவிட்டுப் போவதும் அறமாகாது. அதுவும் செம்முழங்கால் டரன்டுலாவின் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. பிள்ளை பல்கலைக்கழகம் போய் வந்த பின்னும் அது பசியோடு காத்திருக்கும்.

இது சிலந்தி வளர்ப்போருக்கு மட்டும் உரிய சங்கடமும் அல்ல. நம் குடும்பங்களில் பலவற்றில் பூனை இருக்கிறது. அதற்கு வாங்கும் தகர டப்பாவுக்குள் இருப்பது என்ன? மீனும் கோழியும். கொலை தொலைவில் நடந்துவிட்டதால் விரத நாளிலும் தயக்கமின்றித் திறக்கின்றோம். மகாபாரதத்தில் மிதிலை நகரத்து இறைச்சி வியாபாரி தருமவியாதன், கௌசிகன் என்ற பிராமணனுக்குச் சொல்வதும் இதைத்தான்: ஏர் உழுகிறவனின் கொழுமுனையிலும் எத்தனையோ சீவன்கள் மடிகின்றன. ஆகவே எதுவும் செய்யலாம் என்பது இதன் பொருளல்ல. நம் தட்டில் கறை இல்லை என்று எண்ணிப் பிறரை இகழ வேண்டாம். நம்மால் குறைக்கக்கூடிய துன்பத்தைக் குறைப்போம் என்பதே பொருள்.

இனி அந்தச் சுவர்க்கோழியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றம் 2022இல் நிறைவேற்றிய விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளோடு நண்டு, இறால், கணவாய் போன்றவற்றையும் உணர்வுள்ள சீவன்களாக ஏற்றுக்கொண்டது. பூச்சிகளை அது சேர்க்கவில்லை. ஆனால் அதே 2022இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில், பெருந்தேனீக்கள் எந்தப் பரிசும் இன்றிச் சிறு மரப்பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டி விளையாடுவதைப் போல நடந்துகொள்வதைப் பதிவு செய்தார்கள். 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவ அறிஞர்களும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பூச்சிகளுக்கும் உணர்வு அனுபவம் இருப்பதற்கு மெய்யான சாத்தியம் உண்டு, அதைப் பொருட்படுத்தாமல் விடுவது பொறுப்பற்ற செயல் என்பது அதன் சாரம். புல்லாகவும் புழுவாகவும் பிறந்து இளைத்ததாக மாணிக்கவாசக சுவாமிகள் பாடியதைத் தினமும் ஓதும் நமக்கு இது புதிய செய்தியல்ல. ஓதுவதைப் பூச்சி டப்பாவின் முன் நினைத்துக்கொள்வதுதான் புதிது.

பிள்ளையோடு மறுபடி புத்தகங்களைப் படித்த போது ஒன்று விளங்கியது. அனுபவசாலிகள் பாதுகாப்புக்காகச் சொல்லும் விதிகள் ஒவ்வொன்றும் அருளின் விதியாகவும் இருக்கிறது. வீட்டில் இப்பிராணி உள்ளவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

இரை சிலந்தியின் வயிற்றை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. எங்கள் பாவக்கணக்கில் இரண்டு ஈயை விட ஒரு பெரிய சுவர்க்கோழி மேலாகத் தோன்றியது. குஞ்சுச் சிலந்திக்கு அது உணவல்ல, எதிரி.

குஞ்சுக்கு உயிருள்ள இரை கட்டாயமில்லை. சற்று முன் கொல்லப்பட்ட சுவர்க்கோழியின் காலையோ, மாவுப்புழுவின் ஒரு துண்டையோ துளையின் வாயில் வைத்தால் பெரும்பாலும் வந்து எடுத்துக்கொள்ளும். இடுக்கியால் தலையை ஒரே நொடியில் நசுக்குவது பார்க்கக் கொடூரம். ஆனால் விஷம் ஏறி, மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டுச் சாவதை விட அது விரைவு. பார்க்க நமக்குக் கடினமானது பூச்சிக்கு இலகுவாக இருக்கலாம். அன்று நாங்கள் இதைத்தான் தலைகீழாக எண்ணினோம்.

மாவுப்புழுவை முழுதாக உயிரோடு போட்டால் மண்ணுக்குள் புதைந்து மறைந்துவிடும். பின்பு வண்டாக வெளியே வரும். அதனால் தலை நசுக்கிய பின்பே போட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை, இரு முறை போதும். உண்ணாத இரையை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். துளையை அடைத்திருந்தால், வயிறு பருத்துக் கருத்துப் பளபளத்தால், இரையை மறுத்தால், தோல் கழற்றப் போகிறது என்று பொருள். அப்போது நீர் மட்டும் இருந்தால் போதும். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று எண்ணிப் புரட்டக் கூடாது. தோல் கழற்றிய பின் பற்கள் மீண்டும் கறுத்து இறுகுவதற்கு ஒரு வாரமளவில் காத்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போடக் கூடாது. அயல் வீட்டார் தெளித்த பூச்சிகொல்லி அதன் உடலில் இருக்கலாம்.

இச்சிலந்தி தன் வயிற்று மயிரை உதிர்த்து வீசும். அது கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். டப்பாவைத் தொட்ட பின் பிள்ளைகள் கை கழுவ வேண்டும்.

கடைசியாக, இரை போடுவதை வேடிக்கையாக்கக் கூடாது. சில பிள்ளைகள் நண்பர்களைக் கூப்பிட்டு, பெரிய பூச்சியாகப் போட்டு, கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறார்கள். ஒரு சீவன் சாவது அவசியமாக இருக்கலாம். அதைக் கூத்தாக்குவதற்கு அவசியமே இல்லை. நாங்கள் பார்க்காமல் ஓடியதும் இவர்கள் கைதட்டிப் பார்ப்பதும் ஒரே குறையின் இரு பக்கங்கள்தான். இரண்டிலும் பூச்சி ஒரு பொருட்டல்ல.

வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: இது இங்கே குஞ்சு பொரித்ததா, காட்டிலிருந்து பிடித்ததா? 2004இல் இராமேஸ்வரத்தில் ஒரு மரச்சிலந்தி இனம் புதிதாக அறிவிக்கப்பட்டது. அது காணப்பட்ட அனுமவிலாசக் கோயிலின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பின்னர் கடலுக்கு இப்பால் நம் மன்னாரிலும் அதே இனத்தைக் கண்டார்கள். அழிவின் விளிம்பில் உள்ள இனம் அது. இலங்கைக்கே உரிய ஐந்து புலிமுகச் சிலந்தி இனங்களை அமெரிக்க அரசு 2018இல் அருகிவரும் உயிரினங்களாக அறிவித்தது. நாம் அஞ்சி ஓடிய அந்தச் சிலந்திகளின் மரங்கள் வெட்டப்படுவதோடு, அவற்றைப் பிடித்து விற்போராலும் அவை குறைந்து வருகின்றன. அவற்றின் கடி கடுமையான தசைப்பிடிப்பைத் தரும். பிள்ளைகளுக்கு அவை ஏற்றவையும் அல்ல.

எங்கள் மகன் ஒரு வருடம் ஒன்றும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு மறுபடி ஒரு குஞ்சு வேண்டும் என்றான். இம்முறை உடனே மறுக்கவும் இல்லை, உடனே சம்மதிக்கவும் இல்லை. ஒரு மாதம் எல்லோரும் பேசினோம். நீ இல்லாத நாளில் நாங்கள் செய்வோம், கண்ணைத் திறந்து கொண்டு செய்வோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே வாங்கினோம். முதல் முறை இடுக்கியைப் பிடித்த போது எங்கள் கை நடுங்கியது. இன்னும் நடுங்குகிறது. நடுங்காமல் போகும் நாள் வரக் கூடாது என்றும் நினைக்கின்றோம்.

கந்தசஷ்டிக்கும் ஒரு வழி கண்டோம். வயிறு நிறைந்த சிலந்தி ஒரு வாரம் இரையின்றி இருப்பதால் ஒரு கேடும் இல்லை. விரதம் தொடங்குவதற்கு முன்தினம் இரை கொடுத்து, மறுநாள் துப்பரவு செய்து, தண்ணீர் வைத்துவிட்டால் சூரன்போர் முடியும் வரை டப்பாவைத் தொடவே தேவையில்லை. கொஞ்சம் விசாரித்திருந்தால் இது 2023இலேயே தெரிந்திருக்கும்.

அம்மம்மா இப்போதும் சிலந்தியின் பக்கம் போவதில்லை. ஆனால் சுவர்க்கோழி டப்பாவை அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அவை விழுந்து மூழ்கிவிடும் என்று மகன் சொல்ல, கறிக்கு வெட்டும் போது ஒரு துண்டு கரட்டையும் உருளைக்கிழங்குத் தோலையும் தினமும் அவற்றுக்கு ஒதுக்கி வைக்கிறார். நன்றாகத் தின்ற பூச்சிதான் சிலந்திக்கும் நல்ல உணவு என்று மகன் விளக்கினான். அவர் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

“சாகப் போற சீவன் எண்டாலும், பசியோட சாகக் கூடாது மோனை” என்றார்.

கொல்லாமையைப் பற்றி நாங்கள் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கின்றோம். பிள்ளையின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் எங்களிடம் இல்லை. அம்மம்மாவின் கரட் துண்டு அந்தப் பதிலின் தொடக்கம் என்று மட்டும் தோன்றுகிறது. எல்லா உயிர்க்கும் இரங்கும் முருகப்பெருமான், பார்க்க வேண்டியதைப் பார்க்கும் துணிவையும் நமக்குத் தந்தருள்வாராக.